பதினெட்டுச் சிலுவைகள்

பிரிண்டிங் மையின் நாற்றம் மண்ணெண்ணெயும் புதுச் செருப்பும் கலந்தது போலிருக்கும். வீரபாண்டியில் எங்கள் லைன் வீட்டுக்குள் அந்த நாற்றத்தோடுதான் ஒரு போர் விமானி என் பனியனில் வந்து இறங்கினான். அவன் பெயரை எழுத எனக்கு இன்றும் கை வரவில்லை. ஏழாம் வகுப்பில் அவன் எனக்குத் தெய்வம்: பெரிய போரில் பத்தொன்பது எதிரி விமானங்களை வீழ்த்தியவன், ஒவ்வொன்றுக்கும் ஒரு சிலுவையைத் தன் விமானத்தில் வரைந்துகொண்டவன், அடிபட்ட கூட்டாளியை விட்டுப் பிரியாமல் கரைவரை கூடவே பறந்தவன் என்று பள்ளி நூலகப் புத்தகத்தை மனப்பாடமாக வைத்திருந்தேன்.

அம்மா பனியன் கம்பெனியில் "செக்கிங்", தைத்து வந்ததில் குறை பார்க்கும் வேலை. ஏற்றுமதிச் சரக்கில் ஓட்டை விழுந்த ஒன்றை எனக்காகக் கேட்டு வாங்கி வந்திருந்தாள். அதில் அச்சாகியிருந்த விமானத்தின் சிலுவைகளை எண்ணினேன், பதினெட்டு. அச்சடிக்கும் "ஸ்கிரீன்" வலையில் மை அடைத்துக்கொண்டு ஒன்று விழாமலே போயிருந்தது.

"ஏளா, நல்லா எண்ணிப் பாத்தியா?" என்றாள் அம்மா.

மறுநாள் பள்ளி லீவு. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அவளோடு கம்பெனிக்குப் போனேன். பத்தொன்பது சிலுவை இருந்த படத்தைக் காட்டினேன், சூப்பர்வைசர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏனுங்க்கா, சிலுவைய எண்ணிட்டு இருக்கறதுக்கு இதென்ன சர்ச்சுங்களா? பெட்டி கட்டுங்க."

செக்கிங் மேசையே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள்.

பெட்டி கட்டி முடித்ததும் சரக்கை வாங்குகிறவர்களின் ஆள் வந்தார், முதல் பெட்டியைப் பிரித்தார், சிலுவைகளை எண்ணினார். மொத்தச் சரக்கும் "ரிஜெக்ட்". முதலாளி முன்னால் சூப்பர்வைசர், "செக்கிங்ல யாருமே சொல்லலீங்க" என்று கூசாமல் சொல்லியிருக்கிறான்.

"பிள்ளை பொஸ்தகத்தோட வந்து சொல்லிச்சுல்லா தம்பி?" என்று அம்மா கேட்டாளாம். அன்று சிரித்தவர்களில் ஒருத்தியும் தலை நிமிரவில்லை.

"நாளையிலிருந்து வர வேண்டாமுங்க" என்றார் முதலாளி. வேலையைப் பறிக்கும்போதும் ஒட்டிக்கொண்டிருந்த அந்த மரியாதையை நான் இதுவரை மன்னிக்கவில்லை. கூட்டாளியோடு கரைவரை பறந்தவனின் படத்தை ஆயிரக்கணக்கில் அடித்த கம்பெனியில், அம்மாவோடு வாசல்வரை வர ஓர் ஆள் இல்லை.

ரிஜெக்ட் பனியன்கள் நடைபாதைக் கடைகளுக்கு விலைக்கு வந்தன. எங்கள் லைன் பிள்ளைகள் எல்லாரும் அவனை மாட்டிக்கொண்டு திரிந்தார்கள்.

கம்பெனி இருந்த இடத்தில் இன்று கல்யாண மண்டபம். என் ஓட்டைப் பனியன் வண்டி துடைக்கும் துணியாகி, விமானியின் முகம் அழிந்தே போய்விட்டது. சிலுவைகள் மட்டும் போகவில்லை. துடைக்கும்போதெல்லாம் எண்ணுகிறேன். எத்தனை என்று யாராவது கேட்கட்டும், அம்மாவையும் சேர்த்துப் பத்தொன்பது என்பேன்.