பொறுக்கி எடுத்த மிக்சர்

ஒன்பது வருடங்களாக எங்கள் வீட்டில் மிக்சர் கிடையாது. மகளுக்கு மூன்று வயதாக இருந்தபோது யாரோ கொடுத்த ஒரு துண்டு கடலை மிட்டாயில் முகம் இட்லி மாதிரி உப்பிவிட்டது. வேர்க்கடலை அவள் உடம்புக்கு ஆகாது, அடுத்த முறை மூச்சுக்குழாயே அடைத்துக்கொள்ளலாம், அரிப்பு தொடங்கிய நிமிஷமே தூக்கிக்கொண்டு ஓடி வாருங்கள் என்றார் டாக்டர். அன்றிலிருந்து அந்த 'ஓடி வாருங்கள்' என் வயிற்றுக்குள் உட்கார்ந்திருக்கிறது. பிறந்தநாள் விழாவோ கல்யாணப் பந்தியோ, எங்கே போனாலும் முதலில் தட்டுகளைத்தான் பார்ப்பேன். சட்னியை முகர்ந்து பார்க்கிற ஆள் என்று உறவுக்காரர்கள் மத்தியில் எனக்குப் பெயர். சிரித்துவிட்டுப் போகட்டும்.

வீட்டுக்குள் விடாத அந்தப் பண்டத்தின் பெயரைத்தான் போன வருடம் துரத்திக்கொண்டிருந்தேன். காட்டாங்குளத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன். ஒரு சொல்லைப் பிடித்தால் அதன் பூர்வீகம் தெரியும்வரை விடமாட்டேன்; மனைவி இதை வியாதி என்பாள். மிக்சர் லத்தீன் வழி வந்த சொல். கலப்பது என்பதுதான் அதன் வேர். நம்மிடம் அது முதலில் சீசாவில் வந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி: கம்பவுண்டர் கலக்கிக் கொடுக்கும் சிவப்பு மருந்து, வேளைக்கு எவ்வளவு என்று காட்டப் பக்கவாட்டில் வெட்டி ஒட்டிய காகிதம். பிறகு எப்போதோ தட்டுக்கு வந்து ஓமப்பொடியும் காராபூந்தியும் வேர்க்கடலையுமாக ஆனது. தளம் போடும் நாளில் ஜல்லியையும் சிமெண்டையும் போட்டுச் சுற்றும் இயந்திரத்துக்கும் நம் வாயில் அதே பெயர்தான். கண்ணெதிரே என்ன நடந்தாலும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பவனையும் மிக்சர் சாப்பிடுகிறவன் என்று கிண்டல் செய்கிறோம். ஒரே சொல்லுக்குள் இத்தனை கிடந்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

நாங்கள் இருப்பது சேலையூரில் ஒரு மாடி வீடு. கீழே வீட்டுக்காரர்கள். ஒரு காலத்தில் அந்தத் தெரு முழுக்க அவர்கள் நெல் வயலாம். இப்போது வாடகை வீடுகளும் முனையில் ஒரு ஹார்டுவேர் கடையும். வீட்டுக்கார அக்கா எந்தப் பாத்திரத்தையும் வெறுமனே திருப்பித் தரமாட்டார். நாங்கள் பாயசம் கொடுத்தனுப்பினால் அதே டப்பா முருங்கைக்கீரையோடு மேலே வரும். ஒன்றும் இல்லாத நாளில் ஒரு பிடி சர்க்கரையாவது இருக்கும். மகள் அவரைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள். அவளுக்குக் கடலை ஆகாதென்று அவருக்கும் தெரியும். அவள் கீழே போனால் மிக்சர் டப்பாவை அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றிவிடுவார்.

ஒரு சனிக்கிழமை மாடிப்படியில் உட்கார்ந்து மகளுக்கு ஆறாம் வகுப்பு அறிவியல் சொல்லிக்கொடுத்தேன். கலவை என்றால் என்ன? பல பொருள்கள் தங்கள் குணம் மாறாமல் சேர்ந்திருப்பது. அவற்றை மறுபடி பிரித்துவிடலாம். சலிக்கலாம், தூற்றலாம், கையால் பொறுக்கலாம். அதோடு நிறுத்தியிருக்கக்கூடாதா?

"நம்ம மிக்சரையே எடுத்துக்கோ. கையால பொறுக்கிட்டா பிரிஞ்சிடும். கடலை தனி, பூந்தி தனி. அவ்ளோதான்" என்றேன்.

கீழே அக்கா துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "அப்டியா சார்?" என்றார்.

"ஆமாக்கா, புஸ்தகத்துலயே போட்டிருக்கு" என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போனேன். நல்ல எடுத்துக்காட்டு என்று பெருமை வேறு.

மறுவாரம் ஞாயிறு மாலை, மிக்சர் என்ற அந்தச் சொல்லைப் பற்றித்தான் கல்லூரி மலருக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மகள் கீழ்வீட்டிலிருந்து வந்து கதவருகே நின்றாள்.

"அப்பா, நாக்கு அரிக்குது."

உதடு தடித்திருந்தது. கழுத்தெல்லாம் சிவப்பு.

"என்ன சாப்பிட்ட?"

"மிக்சர். ஆனா அதுல கடலை இல்லப்பா."

அதற்குமேல் இருமல் பேசவிடவில்லை. எட்டு வருடங்களாக மனதுக்குள் எத்தனையோ தடவை ஓடிப் பார்த்த ஓட்டம் இது. நிஜத்தில் என்னால் சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியவில்லை. மனைவிதான் அவளை அணைத்துக்கொண்டு படி இறங்கினாள்.

தெருமுனையில் ஓர் ஆட்டோ நின்றது. "பாப்பாக்கு இன்னா சார்?" என்றார் ஓட்டுநர்.

"மூச்சு விட முடியலைண்ணா. தாம்பரம் ஆஸ்பத்திரி."

"குந்து சார், குந்து. நான் கீறேன்ல."

வேளச்சேரி சாலை அசையாமல் நின்றது. அவர் எதிர்ப்பக்கம் ஏறி, ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டினார். மகளின் மூச்சில் விசில் மாதிரி ஒரு சத்தம். ஒரு மூச்சு வந்ததும் அடுத்ததற்காகக் காத்திருந்தேன். அது வராமல் போய்விட்டால்? அந்தக் கேள்வியைத் தாண்டி என் புத்தி ஓர் அங்குலம்கூட நகரவில்லை. அப்படி ஒரு பயத்தை நான் அதுவரை அறிந்ததில்லை.

உள்ளே போனதும் தொடையில் ஊசி போட்டு, முகத்தில் ஆக்சிஜன் வைத்தார்கள். கால் மணி நேரம் கழித்து அந்தச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. நாளை வரை இங்கேயே இருக்கட்டும் என்ற டாக்டரிடம், கடலை இல்லாத மிக்சர் என்று சொன்னாளே என்றேன்.

"கடலை கண்ணுக்குத் தெரியணும்னு இல்ல சார். அதோட தூள், அதைப் பொரிச்ச எண்ணெய், எல்லாம் மத்ததுல ஒட்டியிருக்கும். எடுத்துட்டாலும் போகாது."

அப்போதுதான் அக்கா வந்து சேர்ந்தார். காலில் செருப்பு இல்லை.

"ஒரு கடலை இல்ல சார். மொறத்துல கொட்டி, கண்ணாடி போட்டுகினு மூணு தபா பொறுக்கினேன். புள்ள எத்தினி வருசமா வாசனை மட்டும் புட்ச்சிகினு போவுதேன்னு…"

"உங்களை யாருக்கா பொறுக்கச் சொன்னது?" மனைவி கத்தினாள். "கொன்னிருப்பீங்களே!"

அக்கா என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதாம்மா" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. என் பெயரைச் சொல்லிவிடுவாரோ என்ற பயம், பிழைத்துக் கிடக்கும் மகளின் கட்டிலருகே நின்றுகொண்டே எனக்கு வந்தது. இதை எழுதவே கூசுகிறது. அக்கா கடைசிவரை சொல்லவில்லை. சுவரோரமாகக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

மகள் கண்ணைத் திறந்து, முகத்திலிருந்த மாஸ்க்கை விலக்கினாள்.

"பெரியம்மாவைத் திட்டாதம்மா. அப்பாதான் சொன்னாரு, பொறுக்கிட்டா பிரிஞ்சிடும்னு."

மனைவி மாஸ்க்கை அவள் முகத்தில் திரும்பப் பொருத்தினாள். என்னைத் திட்டியிருக்கலாம்.

வீடு திரும்பியதும் நான் கீழே இறங்கிப்போய் மன்னிப்புக் கேட்டேன். "வுடுங்க சார், புள்ள நல்லா கீதுல்ல" என்றார் அக்கா. மனைவியும் சமாதானமாக ஒரு டப்பா கேசரி கொடுத்தனுப்பினாள். டப்பா மறுநாள் கழுவித் துடைத்து, காலியாக வந்தது. இன்றுவரை எங்கள் பாத்திரங்கள் காலியாகத்தான் மேலே வருகின்றன.

கல்லூரி மலருக்கு வேறு ஏதோ எழுதிக் கொடுத்தேன். நேற்று மகள் விளையாடிவிட்டு வந்து தண்ணீர் கேட்டாள். டம்ளரில் பிடித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவள் உடனே குடிக்கவில்லை. திரும்பி அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையசைத்த பிறகுதான் குடித்தாள்.