நிறம் மாறாத எங்கள் வீட்டு உப்பு

பிளஸ் ஒன் வேதியியலில் ரொம்ப நாள் எனக்குப் போக்குக் காட்டிய பாடம் ஆக்சிஜனேற்ற எண். பொட்டாசியம் என்றால் கூட்டல் ஒன்று, ஆக்சிஜன் என்றால் பெரும்பாலும் கழித்தல் இரண்டு. அதுவரைக்கும் சரி. ஆனால் அயோடின் ஒரு சேர்மத்தில் கூட்டல் ஐந்து, இன்னொன்றில் கழித்தல் ஒன்று என்று மிஸ் எழுதியபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரே தனிமம் இடத்துக்கு இடம் பேச்சை மாற்றினால் எதைத்தான் நம்புவது? எலக்ட்ரானை இழந்தால் ஆக்சிஜனேற்றம், பெற்றால் ஒடுக்கம் என்பதையும் தலைகீழாக எழுதிவைத்துத் திட்டு வாங்கினேன்.

என்னைப் போன்ற மண்டூகங்களுக்காகவே மிஸ் ஒரு சோதனை செய்து காட்டுவதாகச் சொன்னார். எல்லோரும் வீட்டில் சமைக்கிற உப்பைக் கொஞ்சம் கொண்டுவர வேண்டும். அயோடின் உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் அயோடேட் கலந்திருக்கும். அதன்மேல் பொட்டாசியம் அயோடைடும் கஞ்சியும் துளி அமிலமும் சேர்ந்த கரைசலைச் சொட்டினால் அயோடின் தனியே வெளிவந்து, கஞ்சியோடு சேர்ந்து கருநீலமாகும். அயோடேட் இல்லாத உப்பு வெள்ளையாகவே கிடக்கும்.

உப்பு என்றதும் வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. அப்பாவுக்கு முத்தையாபுரம் பக்கம் உப்பளமும், அந்த உப்பை அரைத்து அயோடேட் கரைசல் தெளித்து பாக்கெட் போடுகிற மில்லும் இருந்தன. தூத்துக்குடியில் இது ஒன்றும் அதிசயமில்லைதான், ஆனால் அந்த வகுப்பில் மில்காரர் மகள் நான் ஒருத்திதான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. மற்றவர்கள் காகிதத்தில் மடித்து வந்தபோது நான் அடுப்படியில் இருந்த பாக்கெட்டையே தூக்கிக்கொண்டு போனேன். மான் படமும் அப்பா மில்லின் பெயரும் எல்லோருக்கும் தெரிகிறமாதிரி மேஜைமேல் வைத்தேன்.

மீனவர்கள் வாழும் திரேஸ்புரத்திலிருந்து வரும் என் பெஞ்சுத் தோழி கொண்டுவந்தது ரேஷன் கடை உப்பு. சொட்டு விழுந்ததுமே நீலமானது. அடுத்தடுத்து எல்லோருடையதும் நீலமானது. என்னுடையது மட்டும் வெள்ளையாகக் கிடந்தது. மிஸ் குப்பியைக் குலுக்கி இன்னொரு சொட்டு விட்டார். அப்போதும் வெள்ளைதான்.

“ஏளா, உங்கப்பா மில்லு உப்புக்கு மட்டும் நிறமே வரலியே!” என்று பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி கத்தினாள். வகுப்பு குபீரென்று சிரித்தது.

“பாக்கெட்ட ரொம்ப நாள் திறந்துபோட்டா அயோடின் குறைஞ்சிரும்மா,” என்று மிஸ் எனக்காகச் சொன்னார். யாரும் அதை நம்பியதாகத் தெரியவில்லை. மதியத்துக்குள் பக்கத்து வகுப்பு வரைக்கும் செய்தி போய்விட்டது. ‘டூப்ளிகேட்’ என்று எனக்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். அப்பா விற்பது போலி என்று நானும் நம்பினேன் என்பதுதான் எல்லாவற்றையும்விட உறுத்தியது. பாக்கெட்டில் ஒன்று எழுதி உள்ளே வேறொன்றைப் போட்டு விற்கிறவரின் காசில்தான் என் யூனிஃபார்மே வாங்கியிருக்கிறது என்று நினைத்தபோது, அதைக் கழற்றி எறிந்துவிடலாம் போல இருந்தது.

பள்ளிவிட்டதும் வீட்டுக்குப் போகவில்லை. ஷேர் ஆட்டோ பிடித்து நேரே மில்லுக்குப் போனேன். அப்பா வெளியூர் மொத்த வியாபாரி ஒருவரோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் இருக்கிறாரே என்றுகூடப் பார்க்காமல் பாக்கெட்டை மேஜைமேல் போட்டேன்.

“அயோடின் போடாமலே போட்டதா எழுதி விக்கிறீங்களாப்பா? கிளாஸ்ல எல்லாரும் என்னப் பாத்துச் சிரிக்காங்க.”

வியாபாரி அப்பாவைப் பார்த்தார். அப்பா ஒரு வார்த்தை அதட்டவில்லை. பாக்கெட்டிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். அவர் முகம் என்னவோ போல ஆனது. எழுந்துபோய், லாரியில் ஏற்றுவதற்கு அடுக்கியிருந்ததில் ஒரு பாக்கெட்டை உருவிக் கத்தரித்தார். மில்லில் வைத்திருக்கும் சோதனைக் குப்பியை என் கையில் கொடுத்தார்.

“நீயே விட்டுப் பாரு.”

விட்டேன். கருநீலம். இன்னொரு பாக்கெட்டை நானே உருவி அதிலும் விட்டேன். அதுவும் நீலம். வகுப்பில் புரியாத பாடம் அங்கே நின்றபோது புரிந்தது. அயோடேட்டில் இருக்கிற அயோடின் கூட்டல் ஐந்திலிருந்து சுழியத்துக்கு இறங்குகிறது. அயோடைடு கழித்தல் ஒன்றிலிருந்து அதே சுழியத்துக்கு ஏறுகிறது. இது எலக்ட்ரானை விடாமல் அது வாங்க முடியாது. ஒடுங்குவதும் ஏறுவதும் ஒரே நேரத்தில் நடக்கிற காரியம். இவ்வளவுதானா என்று இருந்தது.

“அப்போ பாப்பா கொண்டுவந்தது?” என்று வியாபாரி கேட்டார்.

அப்பா குப்பியை மூடினார். “அது வீட்டு உப்பு அண்ணாச்சி. அயோடின் தெளிக்காத அளத்து உப்ப மிக்ஸில பொடிச்சு, அச்சு சரியா விழாத பாக்கெட்டுல போட்டு வச்சுக்கிடுவா எங்க வீட்டுல.”

“ஏன், இந்த மில்லு உப்புக்கு என்ன?”

“நாக்குக்குப் பழகல, அண்ணாச்சி.”

வியாபாரி டீ கிளாஸைக் கீழே வைத்தார். “பிள்ளைகளுக்கு நல்லதுன்னு சொல்லித்தான் எங்க ஊர்ல நான் இத விக்கேன்,” என்றார். கோபமில்லை. சரக்கையும் வேண்டாமென்று சொல்லவில்லை. அவர் கிளம்பும்போது அப்பா வழக்கம்போல வாசல்வரை போனார், ஆனால் எப்போதும் அங்கே நின்று பேசிவிட்டுப் போகிற வியாபாரி அன்று நேரே வண்டி ஏறினார்.

வீட்டில் அம்மாவிடம் கேட்டேன். “பாக்கெட்டு உப்புல கொழம்பு வச்சா ருசியே இல்லன்னு உங்கப்பாதான் சொல்லுதாவ. உனக்குத் தெரியாதாக்கும்?” என்றாள். தெரியாது. உலை வைப்பது எப்படி என்றே தெரியாதவளுக்கு உலையில் விழுவது என்ன உப்பு என்று எப்படித் தெரியும்? அப்பா அன்று சாப்பிடும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவரை ஏமாற்றுக்காரர் என்று நினைத்ததற்காக நானும் நிமிரவில்லை.

மறுநாள் மில்லில் இருந்து எடுத்துவந்த புதுப் பாக்கெட்டை வகுப்புக்குக் கொண்டுபோனேன். மிஸ் எல்லோர் முன்னாலும் வெட்டிச் சொட்டுவிட்டார். நீலம். “பாத்தீங்களா?” என்று மிஸ் கேட்க, பின் பெஞ்சுக்காரிகூடக் கை தட்டினாள். அப்பா பெயர் பிழைத்தது. நான் சமன்பாட்டைப் போர்டில் பிழையில்லாமல் எழுதினேன்.

இடத்துக்கு வந்து உட்கார்ந்ததும் தோழி மெதுவாகக் கேட்டாள். “அப்போ நேத்துக் கொண்டாந்தது என்ன உப்புளா?”

பாக்கெட் மாறிவிட்டது என்று ஒரு பொய் வாய்வரைக்கும் வந்தது. அதைச் சொல்லியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். என்ன தோன்றியதோ, அவளிடம் உண்மையைச் சொன்னேன். மில் உப்பு விற்பதற்கு, வீட்டுக்கு வேற உப்பு என்றேன். அவள் நெற்றியைச் சுருக்கிக் கொஞ்சம் யோசித்தாள்.

“நாங்க விக்கிற மீனத்தாம்ளா நாங்களும் திங்கோம்,” என்றாள்.

அதில் கேலி துளியும் இல்லை. கேலி செய்திருந்தால் நானும் வாய்க்கு வாய் பேசித் தப்பித்திருப்பேன். மிஸ் அடுத்த கணக்கை எழுதத் தொடங்கியிருந்தார். மேஜைமேல் இருக்கும் என் பாக்கெட்டை வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். என்னால் எழுந்துபோக முடியவில்லை.