நோன்பு நாளில் அடித்த ஹாரன்

லாரி டிரைவர் அருள்நாதனைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை மண்ணூர் பார்த்ததில்லை. பாம்புக்குப் பயம், ஊசிக்குப் பயம், பங்குச் சாமியாருக்குப் பயம், ஏரிக்கரை வளைவில் எதிரே வரும் பஸ்ஸுக்குப் பயம். ஆள் என்னவோ கதவு உயரத்துக்கு இருப்பார். மழை நாளில் வீட்டுக்குள் தவளை வந்துவிட்டால் கட்டில்மேல் ஏறி நின்றுகொண்டு பெண்டாட்டி செல்வமேரியைத்தான் கூப்பிடுவார். அப்படிப்பட்ட மனுஷனைக் கண்டு பூந்தமல்லியிலிருந்து வாலாஜா வரைக்கும் உள்ள கறிக்கடைக்காரர்கள் எல்லாம் நடுங்கினார்கள் என்றால் யார்தான் நம்புவார்கள்! ஆனால் நடுங்கினார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் அந்தப் பெங்களூர் ரோட்டில் லாரி ஓட்டிய எவரைக் கேட்டாலும் சொல்லுவார்.

ரோட்டோரம் கீற்றுக் கொட்டகை போட்டு, இரும்புக் கம்பியில் கறித்துண்டுகளைக் கோத்து, கரி நெருப்பில் சுட்டுத் தருகிற கடைகள் அப்போது நிறைய இருந்தன. டிரைவர்கள் அதைக் கம்பிக்கறி என்பார்கள். எந்தக் கடையில் கறி நன்றாக இருக்கிறது, எந்தக் கடையில் கிழட்டு ஆட்டை மிளகாயில் மறைக்கிறான் என்று தெரிந்துகொள்ள எல்லோரும் நம்பியது அருள்நாதன் நாக்கைத்தான். அவர் வாயால் ஒன்றும் சொல்ல மாட்டார். முகத்துக்கு நேரே சொல்லப் பயம்! சாப்பிட்டுக் கைகழுவி, லாரியில் ஏறி, கடையைத் தாண்டும்போது கதவோரம் இருக்கும் ரப்பர் பந்து ஹாரனைப் பிடித்து அமுக்குவார். ஒரு தரம் அமுக்கினால் பசிக்குத் தின்னலாம். இரண்டு தரம் என்றால் தாராளமாகத் தின்னலாம். மூன்று தரம் அமுக்கினால் என்ன லோடு இருந்தாலும் நிறுத்திவிட்டுத் தின்ன வேண்டும். சத்தமே இல்லாமல் போய்விட்டால் அந்தக் கடைக்காரன் அன்றைக்கு அடுப்பை அணைத்துவிடலாம்.

அவர் பார்க்கிற விதமே தனி. முதல் துண்டுக்கு எலுமிச்சையும் வெங்காயமும் கிடையாது. வெறும் கறியை இடப்பக்கம் போட்டு நிதானமாக மெல்லுவார். மெல்லும்போது கண் கடைக்காரன் கையிலேயே இருக்கும். பூந்தமல்லி பாய் கடையில் கறி பஞ்சு, ஆனால் உப்பு ஒரு நாளைப் போல ஒரு நாள் இல்லை என்று இரண்டு ஹாரன். சுங்குவார்சத்திரத்தில் பாஞ்சாலி சுட்டுத் தருகிற ஈரலுக்கு எப்போதும் மூன்றுதான். வாலாஜா பக்கம் ஒருத்தன், எண்ணெயைச் சொட்டி வேண்டுமென்றே புகை கிளப்பி ஆளை இழுப்பான். அவன் கடையை அருள்நாதன் ஊமையாகவே தாண்டுவார். புகை யாரை வேண்டுமானாலும் ஏமாற்றும், நாக்கை ஏமாற்றாது என்று லாரி ஸ்டாண்டில் அடிக்கடி சொல்லுவார். தின்னாத கடைக்கு அவர் ஹாரன் அடித்ததாகச் சரித்திரமே இல்லை. அருள்நாதன் ஹாரன் கேட்டது என்றால் அந்தக் கறி அருள்நாதன் வயிற்றுக்குள் போயிருக்கிறது என்று அர்த்தம். அந்த ஒன்றுக்காகத்தான் அத்தனை பேரும் நம்பினார்கள்.

வருஷத்தில் தவக்கால நோன்பு நாற்பது நாள் மட்டும் அந்த ஹாரன் கறிக்கடைகளைப் பார்த்துப் பேசாது. சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தாரானால் ஈஸ்டர் வரைக்கும் கறி, மீன், முட்டை எதையும் தொட மாட்டார். பக்தி பாதி, செல்வமேரிக்குப் பயம் பாதி. பழைய கடைகளுக்கு அதனால் ஒன்றும் குறைவில்லை. நோன்புக்கு முன் கேட்ட ஹாரனை வைத்தே ஓட்டிவிடுவார்கள்.

பென்னலூர் கோதண்டத்துக்கு இந்த நோன்பு சங்கதி ஒன்றும் தெரியாது. நிலத்தை விற்றுவிட்டு, புருஷனும் பெண்டாட்டியுமாக ரோட்டோரம் புதுக்கடை போட்டார்கள், அதுவும் சரியாக நோன்பின் நடுவில். முதல் நாள் ஒரு முழு ஆட்டை அறுத்து மசாலா தடவி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். லாரிகள் வந்தன, போயின. ஒன்றும் நிற்கவில்லை. அருள்நாதன் ஹாரன் கேட்காத புதுக்கடையில் எவன் நிற்பான்? பங்குனி வெயில் வேறு மண்டையைப் பிளந்தது.

மறுநாள் மத்தியானம் நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு வாலாஜாவுக்குப் போன அருள்நாதனைக் கோதண்டத்தின் பெண்டாட்டி கிளியம்மாள் ரோட்டின் குறுக்கே நின்று நிறுத்திவிட்டாள். அவர் நோன்பைப் பற்றிச் சொன்னார். ஈஸ்டருக்கு மறுநாளே வந்து தின்கிறேன் என்றார். ஈஸ்டர் எப்போது என்று அவள் கேட்டாள். இன்னும் மூன்று வாரம் என்று சொன்னதும் அந்தப் பொம்பளை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். அருள்நாதனுக்குப் பாம்பைவிடப் பெரிய பயம் அழுகிற பொம்பளையிடம். கோதண்டம் கும்பிட்டான். சாப்பிட வேண்டாம், கிட்டே வந்து பார்த்தால் மட்டும் போதும் என்றான்.

சரி என்று இறங்கினார். அடுப்பங்கரையில் நின்றார். புளியங்கட்டைக் கரி கணகணவென்று இருந்தது. கம்பியிலிருந்து கொழுப்பு சொட்டி, மிளகும் சோம்பும் கலந்து ஒரு வாசனை எழுந்து மூக்கில் ஏறியது பாருங்கள், இத்தனை நாள் காய்ந்து கிடந்த மனுஷனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அந்த வாசனைக்கு அடியில் லேசாக ஒரு புளிப்பு இருந்தது. தயிர் போட்டு ஊறவைத்தாயா என்று கேட்டார். ஆமாம் என்றான் கோதண்டம். அவன் சொன்னது நிஜம்தான். தின்றிருந்தால் முதல் கடியிலேயே அது தயிர்ப் புளிப்பா வேறு புளிப்பா என்று நாக்கு சொல்லியிருக்கும். தின்னவில்லையே.

லாரியில் ஏறி உட்கார்ந்தபோதுகூட அவருக்கு அடிக்கிற எண்ணம் இல்லை. கிளியம்மாள் கொட்டகைக் காலைப் பிடித்துக்கொண்டு அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை தானாகவே பந்தைப் பிடித்து ஒரு தரம் அமுக்கிற்று. அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் இன்னொரு தரம். அப்புறம் வந்த மூன்றாவதுக்கு அவரிடமே காரணம் இல்லை. ஒருத்தி சந்தோஷத்தைப் பார்த்துவிட்ட கிறுக்கு, வேறென்ன. எதிர்ப்பக்கம் டயருக்குக் காற்றுப் பிடிக்க நின்றிருந்த லாரியை அவர் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை வாலாஜாவிலிருந்து திரும்பி ஸ்ரீபெரும்புதூர் ஸ்டாண்டில் வண்டியைப் போட்டதுமே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. யாரும் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. டீக்கடையில் இருந்த சின்னப்பையன் எழுந்து வந்தான். பேருக்குத்தான் சின்னப்பையன், அவருக்கு முன்னாலிருந்தே லாரி ஓட்டுகிறவன். பென்னலூர் புதுக்கடையில் தின்ற அஞ்சாறு டிரைவர்களுக்கு வாந்தியும் பேதியும் என்றும், மற்றவர்கள் ஒருவாறு எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள் என்றும், ஒருத்தன் மட்டும் கண் திறக்காமல் பெரிய ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்றும் சொன்னான். யார் என்று அருள்நாதன் கேட்டார். சின்னப்பையன் சொன்னான்.

"உன் மச்சான்தாம்ப்பா. சூசைராஜு."

செல்வமேரியின் தம்பி சூசைராஜ். அருள்நாதன்தான் அவனுக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். தனியாக லாரி ஓட்டத் தொடங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவனுக்கும் இப்போது நோன்புதானே, அவன் எப்படிக் கறி தின்றான் என்று முதலில் நினைத்தார். அந்தக் கேள்விக்குப் பதில் உள்ளே எங்கேயோ இருக்கிறது என்று தெரிந்தது. அதைத் தொடாமல் லாரியை மண்ணூருக்குத் திருப்பினார்.

செல்வமேரியை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன அந்த வழி முழுக்க அவருக்கு உள்ளங்கை வேர்த்துக்கொண்டே இருந்தது. ஸ்டியரிங் வழுக்கிற்று. இதுவரை பட்ட பயமெல்லாம் பயமே இல்லை, விளையாட்டு என்று அப்போதுதான் புரிந்தது. பாம்பு வந்தால் ஓடலாம். இதிலிருந்து எங்கே ஓடுவது? அவன் செத்துப்போனால், பக்கத்தில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருக்கிற இவளோடு எந்த வீட்டில் போய்க் குடித்தனம் நடத்துவது? இவளுக்கு ஹாரன் விஷயம் தெரியுமா? முகத்தைத் திருட்டுத்தனமாகப் பார்த்தார். தெரியாது போலிருந்தது. தெரியாமலே போய்விடாதா என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த நினைப்புக்கு அவருக்கே வெட்கமாக இருந்தது.

செல்வமேரி மெதுவாகச் சொன்னாள். "நல்லவேள, நீங்க நோன்பு இருந்தீங்க. இல்லன்னா நீங்களும் அங்கதான நின்னு துன்னுருப்பீங்க. மாதாதான் காப்பாத்திச்சி."

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் கோதண்டமும் கிளியம்மாளும் மண்ணில் உட்கார்ந்திருந்தார்கள். செல்வமேரி அவர்களை யாரென்று அறியாமல் உள்ளே ஓடிவிட்டாள். அருள்நாதன் நின்றார். திட்ட வேண்டும் என்று நாக்கு துடித்தது. தயிர்ப் புளிப்பு என்றாயே, பாவி, என்றார். கோதண்டம் தலையே நிமிரவில்லை. கிளியம்மாள்தான் பேசினாள்.

"அன்னிக்கு அறுத்ததுதான் பாதி. பாதி மொத நாளுது. அத்தினி கறி ஊறிக்கினு கீது, ஒரு லாரி நிக்கல. உங்க ஹாரனுக்குத்தான காத்துக்கினு கெடந்தோம். கொட்ட மனசு வர்ல." அப்புறம் அவரையே பார்த்துக்கொண்டு கேட்டாள்: "நீங்க மோந்து பாத்தீங்களே. உங்களுக்குத் தெரியலியா?"

அவள் குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அந்தப் புளிப்பு வாசனை அப்படியே அவர் மூக்குக்குத் திரும்ப வந்தது. உள்ளே போனார்.

வார்டில் பினாயில் நாற்றம். சூசைராஜ் கட்டிலோடு கட்டிலாக ஒட்டிக் கிடந்தான். ஒரே நாளில் கன்னம் குழிந்து, உதடு வெடித்து, கையில் குளுக்கோஸ் ஊசி. மற்றவர்களைவிட இவனுக்கு ஏன் இவ்வளவு என்று செல்வமேரி கேட்டதற்கு, காலையிலிருந்து ஒன்றும் தின்னாத வயிற்றில் அவ்வளவையும் போட்டிருக்கிறான் என்று டாக்டர் சொன்னார். நோன்பு வயிறு. சாயங்காலத்துக்குள் ஒண்ணுக்குப் போனால் பிழைத்தான், அதுவரைக்கும் ஒன்றும் சொல்வதற்கில்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அருள்நாதன் சுவரோரம் நின்றார். ஊசியைப் பார்த்தால் மயங்கி விழுகிற ஆள், அன்றைக்கு அந்த ஊசியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பாட்டிலில் சொட்டு விழுவது நின்றுவிடுமோ என்று பயம். அவன் நெஞ்சு ஏறி இறங்குவது கொஞ்சம் தாமதமானால் இவருக்கு மூச்சு நின்றது. சாமி, இவனை விட்டுவிடு, இனி ஜென்மத்துக்கும் நாக்கில் கறி வைக்க மாட்டேன் என்று வேண்டிக்கொண்டார். வேண்டிக்கொண்ட பிறகு, கறி தின்னாததுதானே இத்தனைக்கும் காரணம் என்று நினைவு வந்தது. எதைச் சொல்லி வேண்டுவது என்றே தெரியவில்லை.

வெயில் சாய்கிற நேரத்தில் நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, ஒண்ணுக்குப் போயிருக்கிறான், இனிப் பயமில்லை என்றாள். செல்வமேரி அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அருள்நாதன் சுவரோரத்திலிருந்து கட்டிலருகே வந்தார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அந்த அசைவில்தான் சூசைராஜ் கண்ணைத் திறந்தான்.

முதலில் அக்காவைப் பார்க்கவில்லை, மாமாவைத்தான் பார்த்தான். மேலிருந்து கீழ்வரை பார்த்தான். அவன் முகத்தில் இருந்தது பயம். அந்தப் பயத்தை அருள்நாதன் தன் முகத்தில்தான் இத்தனை நாள் கண்ணாடியில் பார்த்திருக்கிறார்.

"மாமா, உங்களுக்கு ஒண்ணும் ஆவலியே?" குரல் காற்றாக வந்தது. "நீங்களும் துன்னீங்களே. தனியா வண்டி ஓட்டிக்கினு போனீங்களே. ரோட்ல எங்கனா வுழுந்துட்டீங்களோன்னு..."

செல்வமேரி அழுகையை நிறுத்திவிட்டுத் தம்பியைப் பார்த்தாள். அவர் நோன்புடா, அவர் எங்கே தின்றார் என்றாள். சூசைராஜுக்குப் புரியவில்லை. டயருக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்ததையும், ஹாரன் கேட்டதையும், மாமாவே நோன்பை விட்டுவிட்டாரே, அப்படியானால் அது எப்பேர்ப்பட்ட கறி என்று தானும் போய் உட்கார்ந்ததையும் திக்கித் திக்கிச் சொன்னான். வாந்தி ஆரம்பித்ததும், மாமா வாலாஜா ரோட்டில் தனியாக இருப்பாரே, யாராவது போய்ப் பாருங்கள் என்று கத்தினானாம். யாரும் போகவில்லையாம்.

அருள்நாதனுக்குப் பொய் சொல்ல வழி இருந்தது. கொஞ்சமாகத் தின்றேன், எனக்கு ஒத்துக்கொண்டது என்று சொல்லியிருக்கலாம். செல்வமேரி நோன்பை விட்டதற்காக ஒரு மாசம் பேசாமல் இருப்பாள், அவ்வளவுதான். பயந்தவனுக்குப் பொய் சுலபமாக வரும். அன்றைக்கு ஏனோ வரவில்லை.

"நான் துன்னல மச்சான்," என்றார்.

சூசைராஜ் அவர் பக்கம் முகத்தைத் திருப்பினான். கோபம் ஒன்றும் இல்லை. கணக்குப் புரியாத பிள்ளை மாதிரிதான் கேட்டான்.

"அப்போ ஹாரன் இன்னாத்துக்கு மாமா அட்ச்சீங்க?"

அக்கா தம்பியின் நெற்றியைத் துடைத்தாள். புருஷன் பக்கம் திரும்பவில்லை.

மறுநாளுக்குக் கஞ்சியும் மாற்றுத்துணியும் கொண்டுவர வேண்டும் என்று பொழுது இருக்கும்போதே கிளம்பினார்கள். செல்வமேரி ஏறி அந்தப் பக்கக் கதவோரம் ஒட்டி உட்கார்ந்தாள். வேப்பமரத்தடியில் இருந்த இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். பிழைத்துவிட்டான் என்று அருள்நாதன் அவர்களுக்குக் கையால் ஜாடை காட்டினார். லாரி ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தது. கேட்டின் நடுவே ஒரு பசுமாடு சாவகாசமாக அசைபோட்டுக்கொண்டு நின்றிருந்தது. அருள்நாதனின் கை பழக்கத்தில் ரப்பர் பந்துக்குப் போயிற்று. செல்வமேரி அந்தக் கையைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் கையை எடுத்துக்கொண்டார். என்ஜினை நிறுத்தாமல் கதவைத் திறந்து இறங்கி, மாட்டின் கிட்டே போய், முதுகில் கைவைத்துத் தள்ளி ஓரம் கட்டிவிட்டு, திரும்ப ஏறி வண்டியை எடுத்தார்.