தொப்புள்கொடிக் கூழ்

சளி, சிறுநீர், மலம் எதைச் சோதிக்கவும் லேப் டெக்னீஷியனான எனக்கு அருவருப்பில்லை. தொப்புள்கொடிக்குள் இருக்கும் கூழ் மட்டும் குமட்டும். கருவில் ரத்தமும் எலும்பும் உருவாகும் இளந்திசுவின் வகைதான் அதுவும்.

அன்று எங்கள் திண்டுக்கல் மருத்துவமனையில் வடமதுரைப் பெண் ஒருத்திக்குப் பிரசவம். அவள் ரத்தம் நெகட்டிவ் குரூப். குழந்தை பாசிட்டிவ் என்றால் அவளுக்கு ஊசி போட வேண்டும்; தவறினால் அடுத்த குழந்தைக்கு ஆபத்து. செல்கள் திரள்வதை வைத்துத்தான் குரூப்பைச் சொல்வோம்; கொடி ரத்தத்தில் கூழ் கலந்ததால் எல்லாச் சோதனையிலும் பொய்யாகத் திரண்டு நின்றன. செல்களை உப்புநீரில் திரும்பத் திரும்பக் கழுவினேன். கூழ் நூல் நூலாய் இழுபட்டது. ஓங்கரித்தேன்.

“மலத்த உத்து உத்துப் பாக்குறவ, இதுக்குப் போயி குமட்டுறியே புள்ள!” என்று நர்ஸ் அக்கா சிரித்தார்.

கடைசியில் முடிவு தெளிந்தது: பாசிட்டிவ். முடிவைக் கொடுக்க வார்டுக்குப் போனேன்; அவளுக்கு ஊசி போட்டார்கள்.

“அடுத்த புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுல்லக்கா?” அந்தப் பெண் என் கையைப் பற்றினாள். சோப்புப் போட்டும் விரல்களில் வழவழப்பு போகாததுபோல் இருந்தது. காலைவரை அவள் குழந்தையின் ரத்தக்குழாய்களைப் பொத்திக் காத்தது அந்தக் கூழ்தான். அருவருப்பு இன்றும் போகவில்லை. அன்று கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.