ஞாயிற்றுக்கிழமை ராத்தா கோச்சியில்தான் இருப்பா

எனக்கு மூத்தவ, என் ராத்தா ஸுஹைறா, இத்தாலி போய்ப் பதினொரு வருஷம். ரோமில் ஒரு கிழவியைக் குளிப்பாட்டி, சமைத்துக் கொடுத்துப் பார்த்துக்கொள்கிற வேலை. ஞாயிறு மட்டும் லீவு. அன்றைக்கு விடிய சுபஹ் தொழுததும் கோச்சி, அதுதான் ரயில், ஏறி நேப்பிள்ஸ் என்கிற கடற்கரைப் பட்டணத்துக்குப் போவா. அங்கிருந்து சின்னக் கோச்சியில் பொம்பேய். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி எரிமலைச் சாம்பல் மூடிய ஊர் அது. இடிந்த சுவர்களுக்கிடையில் நடந்துவிட்டு இரவே திரும்பிவிடுவா. ஒரு தரமல்ல, எத்தனையோ தரம்.

"அங்க என்ன ராத்தா இரிக்கி?" என்று கேட்டிருக்கிறேன்.

"சுனாமி எங்கட வீட்டில ஒரு கரண்டியைக்கூட விட்டு வைக்கல்ல. என்ட புருஷன் மசூரிட மையித்தும் அடக்கக் கிடைக்கல்ல. இங்க மியூசியத்தில, போறணை அடுப்பில வெந்த பாண் ரொட்டி கருகி அப்பிடியே இரிக்கி புள்ள. பாத்துக்கிட்டு நிப்பன். மனசு ஆறுது."

மகள் றுஸ்னாவை என்னிடம் விட்டுத்தான் போனா. எங்கள் ஊரில் பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் வீடும் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். ராத்தா எங்கள் ஊர் மருதமுனையில் புது வீடு கட்டினது அதற்காகத்தான். மாப்பிள்ளையாக இஹ்ஸானைப் பேசி, நாள் வைக்கிறதுதான் பாக்கி.

ஒரு ஞாயிறு, பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு, இஹ்ஸானின் உம்மா சபியா உம்மா ரெண்டு பெண்களோடு வந்தா. கையில் போன். அதில் ராத்தாவின் பொம்பேய்ப் படம். முக்காடு போட்டு, தூணில் சாய்ந்து சிரிக்கிறா.

"மஹ்ரமான ஆம்புளைத் துணை இல்லாமக் கோச்சியில ஊர் சுத்துற பொம்புளைட வீட்டுக்கு என்ட மகனை எப்பிடி அனுப்புற? இனிப் போகமாட்டன் எண்டு ஒரு சொல் சொல்லச் சொல்லுங்க. இல்லாட்டி இந்தக் கலியாணம் இல்ல."

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள், சத்தமாகக் கதைத்தும் பழக்கமில்லை. ராத்தாவுக்குப் போன் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன். அங்கே காலை. நேப்பிள்ஸ் ஸ்டேஷனில் சின்னக் கோச்சிக்காக நின்றா.

"சபியா உம்மா, நான் இந்த நாட்டில தனியா இரிந்து உழைச்சுக் கட்டின வீடு உங்கட மகனுக்கு ஆகும். அப்ப மஹ்ரம் எங்கெண்டு ஒருத்தரும் கேக்கல்ல. ஞாயித்துக்கிழமை கோச்சி ஏறினாத்தான் ஆகாதோ?"

"வாயப் பாரு! மண்ணிலயும் கல்லிலயும் பாக்க என்ன இரிக்கி?"

"அழிஞ்ச ஊர்களைப் பத்தி ஹஸ்ரத் குர்ஆன் ஓதிப் பயான் சொல்லக்குள்ள அழுறீங்களே. நான் கண்ணால பாத்து அழுறன். ஒரு வக்துத் தொழுகையும் விட்டதில்ல. பயணத் தொழுகையாச் சுருக்கித் தொழுதிட்டுத்தான் நடக்கிற. நிப்பாட்டமாட்டன்."

சபியா உம்மா றுஸ்னாவைப் பார்த்தா. "நீயாவது உம்மாக்குச் சொல்லு மகள்."

றுஸ்னா போனை வாங்கினாள். அவளுடைய கலியாணம்.

"உம்மா, கோச்சி வந்திட்டா?"

"வந்து நிக்கிது மகள்."

"ஏறுங்க."

வந்தவர்கள் தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பினார்கள். பின்னால் ஓடிப்போய்க் கையைப் பிடிக்கலாமா என்று கால் துடித்தது. போகவில்லை.

மறுநாள் மீன் வாங்கப் போன இடத்தில் ஒருத்தி கேட்டா, "கலியாணம் குழம்பிட்டாமே? உங்கட ராத்தா இன்னும் சுத்தத்தான் போறாவாமா?"

"ஓம்," என்றேன், நின்ற எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "வாற ஞாயிறும் போவா, இன்ஷா அல்லாஹ்."