விக்கிரவாண்டியில் திரும்பிய சைக்கிள்

“மாசி, மூன்றாம் ஞாயிறு. மரக்காணம் போய் வந்தோம். லேடீஸ் வண்டி. ஹேண்டில் சரி. பின் மட்கார்டில் இரண்டு ஓட்டை, சரி. நம்பர் வேறு. நம் வண்டி இல்லை என்று தம்பி சொன்னான். அவன் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும்.”

அக்காவின் கோடு போட்ட நோட்டில் உள்ள குறிப்பு இது. அக்கா மாதமும் கிழமையும் எழுதுவார், ஆண்டு எழுதமாட்டார். “வருசம் எதுக்குடா? அது பாட்டுக்கு ஓடிக்கினு இருக்குது” என்பார். தேதியில்லாத தாளைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஆனாலும் ஊகத்தில் ஆண்டு போட மனம் வராததால், அக்காவின் நினைவு மலருக்கான இந்தக் கட்டுரையில் ஆண்டுகளை விட்டுவிட்டேன். உறவினர்கள் பொறுத்தருள வேண்டும்.

அக்கா பிறந்தது திண்டிவனத்தை அடுத்த எங்கள் ஊரில், மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிரிட்ட வீட்டில், மூத்த மகளாக. எனக்கு ஏழு வயது மூத்தவர். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கத் திண்டிவனம் போக வேண்டியிருந்தது. அப்பா யாரையும் கேட்காமல் பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்றை வாங்கிவந்து வாசலில் நிறுத்தினார். எங்கள் தெருவில் அதுவரை எந்தப் பெண்ணும் சைக்கிள் ஓட்டியதில்லை. பின் மட்கார்டில் சிவப்புக் கண்ணாடி பொருத்த அப்பாவே ஓட்டை போட்டார். முதல் ஓட்டை கோணலாக விழுந்தது. அதை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் இன்னொன்று போட்டார்.

“ஏம்பா, வண்டிக்கு ரெண்டு மூக்குத்தியா?” என்று அக்கா கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. அப்பா சிரித்ததை நான் பார்த்த சில தருணங்களில் அது ஒன்று.

அந்த வண்டியில்தான் அக்கா பள்ளியிறுதி வரை படித்தார். ஆசிரியர் பயிற்சி முடித்ததும் விழுப்புரத்தில் திருமணம் ஆனது. மாமாவுக்கு ரயில்வேயில் வேலை. புகுந்த வீட்டுக்கு மருமகள் சைக்கிளோடு வருவது அங்கே பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை. அக்கா வாதாடவில்லை. கிளம்புகிற அன்று பட்டுப்புடவையோடு பம்பை எடுத்து இரண்டு டயருக்கும் காற்று பிடித்து வைத்துவிட்டுப் போனார்.

நான் கல்லூரி விடுதியில் இருந்த காலத்தில், மல்லாட்டை பிடுங்க வந்த மரக்காணம் பக்கத்து ஆள் ஒருவருக்கு அப்பா அந்த வண்டியைக் கொடுத்துவிட்டார். யாருக்கு என்று எழுதி வைக்கவில்லை. பொங்கலுக்கு வந்த அக்கா, வண்டி நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “காத்து புடிச்சிக் குடுத்தீங்களாப்பா?”

மகள் கல்பனா ஆறாம் வகுப்பு படிக்கும்போது மாமா மறைந்தார். அதன்பின் அக்கா பட்ட பாட்டை நெருங்கிய உறவினர்கள் அறிவார்கள். திருவெண்ணெய்நல்லூர் பக்கத்துப் பள்ளிகளுக்கு விடியற்காலைப் பேருந்தில் போய், இருட்டிய பிறகு திரும்புவார். உட்கார இடம் கிடைத்த நாட்களில் மடியில் வைத்து விடைத்தாள் திருத்துவார். யாரிடமும் குறை சொன்னதில்லை. கல்பனாவைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றார்.

ஓய்வு பெற்ற மறுமாதம், விழுப்புரத்தில் காதர் பாயின் சைக்கிள் கடை வாசலில் துருப்பிடித்துக் கிடந்த பழைய வண்டி ஒன்றைக் கண்டு, அதைத் தானே சரிசெய்யப் போவதாகச் சொன்னார்.

“டீச்சரம்மா, இது பேஜாரு புடிச்ச வேலை. பொடவையெல்லாம் மசியாயிடும்” என்றார் பாய்.

“இத்தினி வருசம் சாக்பீஸ் தூளையே தின்னுக்கினு இருந்தேன் பாய். மசி ஒண்ணும் பண்ணாது.”

அன்று தொடங்கியது. மொத்தம் நான்கு வண்டிகளை அக்கா மீட்டார். இறுகிப்போன நட்டுகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பொறுமையாகக் காத்திருப்பார். பழைய பெயின்ட் கொஞ்சம் மிஞ்சியிருந்தாலும் அதன்மேல் புதிதாக அடிக்கமாட்டார்; உப்புத்தாளால் துருவை மட்டும் எடுப்பார். சக்கரத்தின் கோட்டம் பார்க்க, சுழலும் ரிம் அருகே சாக்பீஸை அசையாமல் பிடிப்பார். எங்கே வெள்ளை படுகிறதோ அங்கே கோணல். “பசங்க நோட்டுல தப்பு கண்டுபுடிக்கிற மாதிரிதான்” என்பார். பாய்க்கு அந்த வழி முன்பே தெரியும். ஆனால் டீச்சர் கை ஆடாது என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

ஞாயிறு காலைகளில் அந்த வண்டிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு முண்டியம்பாக்கம் வழியாக விக்கிரவாண்டி வரை போவார். ஒரு டீ குடிப்பார். திரும்பிவிடுவார். ஒருமுறை கேட்டேன்.

“அக்கா, இன்னும் கொஞ்சம் மிதிச்சா திண்டிவனம், அப்புறம் நம்ம ஊரு. நான் வாசல்ல நிக்கிறேன், வாயேன்.”

“என் வண்டில போன ஊருடா அது. இன்னொருத்தர் வண்டில எப்படி வர்றது? என் வண்டி கெடைக்கட்டும், மிதிச்சிக்கினே வர்றேன்.”

நான்கு வண்டிகளும் அந்த ஒரு வண்டிக்கான ஒத்திகை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தேடுவதற்கு என் பங்காக, அப்பாவின் குறிப்பேட்டில் ‘சைக்கிள் எண்’ என்று இருந்ததை நகல் எடுத்துக் கொடுத்தேன். பழைய வண்டிகளில் சீட்டுக்குக் கீழே, குழாயில் எண் அடித்திருப்பார்கள். அக்கா அந்தத் தாளை மூக்குக்கண்ணாடிப் பெட்டியில் மடித்து வைத்திருந்தார்.

காதர் பாய் விசாரித்துச் சொன்னதன் பேரில்தான், மரக்காணத்தை அடுத்த மீனவர் குப்பம் ஒன்றுக்கு அக்கா, பாய், நான் மூவரும் போனோம். அங்கே ஏழுமலை என்பவர் வீட்டில் பாய் சொன்ன வண்டி இருந்தது. “எங்கப்பா எங்கேர்ந்தோ எடுத்தாந்தாரும்மா. எனக்கு வெவரம் தெரியாது” என்றார். அக்கா குனிந்து பின் மட்கார்டைத் தடவினார். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டைகள். அக்காவின் விரல் அங்கேயே நின்றது.

நான் சீட்டுக்கு அடியில் துருவைத் தேய்த்து எண்ணைப் படித்தேன். ஒரு இலக்கம்கூட ஒத்துப்போகவில்லை. குப்பத்தில் செல்போனுக்கு சிக்னல் இல்லை. வீட்டுக்குப் பேசி அப்பாவின் குறிப்பேட்டை மறுபடி படிக்கச் சொல்லலாம் என்று பாயும் நானும் பெரிய ரோடு வரை நடந்தோம். ஏழுமலையும் படகைப் பார்க்கப் போய்விட்டார். என் மனைவி போனில் இரண்டு முறை நிதானமாகப் படித்தாள். அதே எண். திரும்பி வந்து சொன்னேன்.

“அது இல்லக்கா. மட்கார்டுல ஓட்டை எந்த வண்டிலயும் இருக்கும்.”

அக்கா என்னையே பார்த்தார். “சரிடா” என்றார்.

“புடிச்சிருந்தா எடுத்துக்கினு போங்கம்மா. இங்க உப்புக் காத்துல சும்மாதான் கெடக்குது” என்றார், அதற்குள் திரும்பியிருந்த ஏழுமலை.

“வேணாம்பா. அடுத்தவங்க வண்டிய எங்களுதுன்னு சொல்லி எடுத்துக்கினு போகக் கூடாது.”

அதன்பின் அக்கா தேடவில்லை. அடுத்த மழைக்காலத்தில் மூச்சு வாங்கத் தொடங்கியது. இதயம் பலவீனம் என்றார்கள். ஓட்ட முடியாத மாதங்களிலும், நான்கு வண்டிகளுக்கும் வாரம் தவறாமல் காற்று பிடிக்கச் சொல்வார். கல்பனா பம்பு அடிக்கும் சத்தத்தைக் கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். புரட்டாசியில் ஒரு விடியலில், மகளின் கையைப் பிடித்தபடி எங்களை விட்டுப் பிரிந்தார்.

இந்த மலருக்குப் படம் தேடி அப்பாவின் தகரப் பெட்டியைக் கிளறினேன். அடியில் ஒரு காகிதப் பொட்டலம். உள்ளே வட்டமான அலுமினிய வில்லை. அந்தக் காலத்தில் சைக்கிளுக்கு வரி கட்டினால் கொடுப்பார்களே, அந்த வில்லை. அதில் அடித்திருந்தது அப்பாவின் குறிப்பேட்டில் இருந்த அதே எண். நான் அக்காவுக்குக் கொடுத்தது வண்டியின் எண்ணே அல்ல. வரி வில்லையின் எண். ஒவ்வோர் ஆண்டும் மாறுவது. அது எந்த வண்டியின் குழாயிலும் இருந்திருக்க முடியாது. ஆவணம் பார்ப்பதில் பெயர் எடுத்தவன் என்று உறவினர்கள் என்னைச் சொல்வதுண்டு. அந்தப் பெயரை நம்பித்தான் அக்கா தன் விரலை நம்பாமல் விட்டார்.

மறுநாளே பாயை அழைத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். வண்டி இல்லை.

“அம்மாவே இல்லன்னுட்டாங்களேன்னு பழைய இரும்புக்குப் போட்டுட்டேங்க” என்றார் ஏழுமலை. கழன்று விழுந்திருந்ததால் பின் மட்கார்டு மட்டும் சுவரோரம் மிஞ்சியிருந்தது. அதைக் கொடுத்தார். கிளம்பும்போது அவர் மனைவி சொன்னார்:

“நீங்க போன் பண்ணப் போயிருந்தீங்களே, அப்ப அம்மா அதுல ஏறி ஓட்னாங்க. கோயில் வரைக்கும் போய்ட்டு வந்தாங்க. ரெண்டு டயர்லயும் காத்து கொறைச்சல்தான். ஆனாலும் ஓட்னாங்க.”

அக்காவின் இறுதிக் காலத்தில் உடனிருந்த மருத்துவர்கள், செவிலியர்கள், அண்டை வீட்டார், தோள் கொடுத்த மாணவ மாணவியர், காரியங்களை முன்நின்று நடத்திய பங்காளிகள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது. நான்கு வண்டிகளுக்கும் இன்றுவரை காற்று பிடித்துவரும் காதர் பாய்க்கும், மட்கார்டைத் தந்த ஏழுமலை குடும்பத்தாருக்கும் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

ஏழுமலையின் மனைவி சொன்னதைத் தவிர வேறு சாட்சி இல்லை. பாய் என்னோடு இருந்தார். ஏழுமலை படகில் இருந்தார். அக்காவின் நோட்டில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அக்கா கடைசியாகத் தன் வண்டியில் ஏறினார் என்பது இதை எழுதும்வரை உறுதிப்படுத்தப்படவில்லை.