பின்சக்கரத்தில் ஒரு சதி

என் மனைவி நர்ஸ். ராசிபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து மெயின் ரோடு வரை நான் எலெக்ட்ரிக் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட வேண்டும். அங்கிருந்து ஆஸ்பத்திரி வேன் அவளை நாமக்கல்லுக்கு ஏற்றிப்போகும். வேன் யாருக்காகவும் நிற்காது. வண்டி பஞ்சராகி இரண்டு முறை வேனை விட்டுவிட்டாள். இன்னொரு தடவை தாமதமானால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று மேற்பார்வை அம்மாள் சொல்லிவிட்டார். அதை வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னபோது மனைவி வண்டியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். அந்த வண்டியை வாங்கியது நான்.

சாதாரண வண்டியென்றால் வழியில் எந்தக் கடையிலும் பஞ்சர் ஒட்டிவிடுவார்கள். இதில் மோட்டாரே பின்சக்கரத்துக்குள் இருக்கிறது. டியூபை எடுக்கச் சக்கரத்தைக் கழற்ற வேண்டும், சக்கரத்தைக் கழற்ற ஒயரைப் பிடுங்க வேண்டும். பஞ்சர் கடைக்காரர்கள் ஒயரைப் பார்த்ததுமே கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். "கரண்டு வண்டிங்களா? அந்த ஒயரு அந்துபோச்சுன்னா எந்தலைலதானுங்க விடியும்."

ஆகவே டியூப்லெஸ். சேலத்தில் ஒரு கடையில் சக்கரத்தை ஒரே தடவையாகக் கழற்றி, டியூபைத் தூக்கிப்போட்டு, புது டயரை மாட்டி, உள்ளே வெள்ளையாகப் பால் மாதிரி ஒன்றை ஊற்றினார்கள். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்குப் போகிற குடும்பம். ஆனாலும் கடைக்காரர் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தபோது நான் மறுக்கவில்லை. இந்த விஷயத்தில் எந்தப் பக்கத்து உதவியையும் தள்ளுகிற நிலையில் நான் இல்லை.

"ஆணியே குத்துனாலும் இந்தப் பாலு அடச்சுக்கும்ங்க. நீங்க டயர மறந்துருங்க," என்றார் கடைக்காரர்.

மறந்துவிடச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீசில் இத்தனை வருடம் உட்கார்ந்தவன் நான். அங்கே வண்டி கிளம்புமுன் கிளீனர் இரும்புத் தடியால் ஒவ்வொரு டயரையும் தட்டிக்கொண்டே வருவார். நல்ல டயர் 'ணங்' என்னும். காற்று இறங்கியது 'தொப்' என்னும். மீட்டர் பொய் சொல்லலாம், சத்தம் சொல்லாது என்பது எங்கள் ஆபீஸ் மதம்.

மறுநாள் விடியற்காலை ஆபீசிலிருந்து கொண்டுவந்திருந்த தடியால் என் டயரைத் தட்டினேன். தொப். இன்னும் கொஞ்சம் தள்ளித் தட்டினேன். தொப். சக்கரத்தைச் சுற்றி வந்து தட்டித்தட்டி, ஒருவழியாக ஓரத்தில் ஒரு இடத்தில் 'ணங்' என்று கோவில் மணி மாதிரி வந்தது. அப்பாடா என்றிருந்தது. அதற்குப்பின் தினமும் அந்த இடத்தில்தான் தட்டுவேன்.

சில வாரங்களில் டயர் உண்மையாகவே தளர ஆரம்பித்தது. முதலில் சேலம் கடைக்காரர் மேல் சந்தேகம். பாலில் தண்ணீர் கலந்திருப்பார். பிறகு எதிர்வீட்டுக்காரர் வளர்க்கிற மேச்சேரி ஆட்டின் மேல். அது என் வண்டியை உரசிக்கொண்டு நிற்கும்போது அதன் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. கடைசியில் எதிர்வீட்டுக்காரர் மேலேயே. பெட்ரோல் பைக் வைத்திருக்கிறவர். நான் காற்றடிக்கிற பம்போடு வாசலில் நின்றால், பல் துலக்கிக்கொண்டே, "ஏனுங்க, வண்டிக்கு இன்னும் சளி போகலீங்களா?" என்பார். சம்பந்தமில்லாத ஆள் எதற்கு இவ்வளவு அக்கறையாக விசாரிக்க வேண்டும்?

ஒரு நாள் படுக்கப் போகுமுன் வண்டியைச் சுற்றிக் கோலமாவைத் தூவி வைத்தேன். காலடி விழுந்தால் ஆள் மாட்டுவான். காலையில் பார்த்தால் எறும்பு வந்த தடம்கூட இல்லை. டயர் மட்டும் இறங்கியிருந்தது. ஆக, மாவில் கால் படாமல் வருகிற அளவுக்குத் திறமைசாலி. தடியை எடுத்து, எப்போதும் போல இல்லாமல், ஓங்கியே ஒன்று வைத்தேன்.

ணங். கூடவே 'புஸ்' என்றது. ஓரத்தில் வெள்ளையாக நுரை கட்டிக்கொண்டு வந்தது.

மனைவி சாப்பாட்டுப் பையோடு வெளியே வந்தவள் அப்படியே நின்றாள். "என்னங்க பண்றீங்க?"

"காத்து பாக்கறேன்."

"டயர்லயா பாக்கறீங்க? இரும்புல அடிக்கறீங்க."

குனிந்து ரிம் விளிம்பை விரலால் தடவினாள். அங்கே டயர் உட்காருகிற ஓரம் வரிசையாக நசுங்கிப் பல் பல்லாக இருந்தது. அந்தப் பல்லின் இடுக்கு வழியாகத்தான் டயர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. "தெனமும் குத்துன எடத்துலயே ஊசி குத்துனா கையி என்னத்துக்காகும்?" என்றாள். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஓடினேன். எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். வேட்டியை இறுக்கிக்கொண்டு வந்தவரிடம், "வேனு போயிரும்ங்க, பைக்கு வேணும்," என்றேன். அவர் மறுபேச்சில்லாமல் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக் கொடுத்தார்.

"வெடிஞ்சா ணங்கு ணங்குன்னு சத்தம் கேக்கும்ங்க. ஏதோ வேண்டுதலுன்னுதான் நாங்க கேக்காம இருந்தோம். ஊட்ல பொம்பளைங்க, அது முடியற வரைக்கும் யாரும் பேசக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்காங்க."

பைக்கைக் கிளப்பும்போது மீட்டரைப் பார்த்தேன். பெட்ரோல் முள் அடியில் படுத்திருந்தது. இதற்குத்தானா இவ்வளவு சுலபமாகச் சாவியை நீட்டினார்? பாதி வழியில் நிற்கப் போகிறோம், அவர் வாசலில் பல் துலக்கிக்கொண்டே சிரிக்கப் போகிறார். "மெதுவாப் போனா பெட்ரோல் மிஞ்சும்," என்றேன் மனைவியிடம்.

"வேகமாப் போனா வேலை மிஞ்சும்," என்றாள்.

வேகமாகவே போனேன். வேன் கிளம்பி உருள ஆரம்பித்திருந்தது. நான் ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு முன்னால் போய் குறுக்கே நிறுத்தினேன். டிரைவர் என்னைப் பற்றி ஏதோ சொன்னார், கதவு திறந்தது, அவள் ஏறிவிட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டது தெரிந்தது. என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் தோள் குலுங்கியது, சிரிக்கிறாள் போல.

வேன் போனபின் டேங்க் மூடியைத் திறந்து பார்த்தேன். கழுத்து வரை பெட்ரோல். இவ்வளவு பெட்ரோலை வைத்துக்கொண்டு மீட்டரை எதற்காக மனுஷன் பழுது பார்க்காமல் வைத்திருக்கிறார் என்று யோசித்துக்கொண்டே வண்டியைத் திருப்பினேன்.